நடு நாற்காலியும் முப்பது பவுண்டும்

1

முன்னால் மூன்று ஸ்பீக்கர்கள். பின்னால் இரண்டு. மூலையில், தாழ்ந்த ஒலிகளுக்கென்று ஒரு கனத்த பெட்டி. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே ஒரு நாற்காலி. நண்பர் அளவுநாடா வைத்து அளந்து, அதன் நான்கு கால்களுக்கும் தரையில் சாக்பீஸால் குறி போட்டிருந்தார். "இத ஒரு அடி தள்ளிப் போட்டாலும் போச்சுங்க, எல்லாம் கலைஞ்சிடும்" என்றார். மூன்று பேர் போயிருந்தோம். ஒருவர் உட்கார, மற்ற இருவர் சுவரோரம் நின்றோம். முறைவைத்து மாறிக்கொள்வதாக ஏற்பாடு.

ஓடிக்கொண்டிருந்தது பிங்க் ஃப்ளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்'. 1973இல் வெளிவந்த தட்டு. அதை ஜேம்ஸ் கத்ரி 2003இல் ஐந்து திசைகளுக்குப் பிரித்துக் கலந்த வடிவத்தைத்தான் நாங்கள் கேட்டோம். என் முறை வந்தபோது, பல வருடங்களாக இரண்டு ஸ்பீக்கரில் கேட்டுப் பழகிய கடிகாரங்கள் அறையின் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் அலறின. நாணயங்களும் கல்லாப்பெட்டியும் தலையைச் சுற்றி வந்தன. தட்டின் முதல் பக்கத்துக் கடைசிப் பாட்டில் ஒரு பெண்குரல் வந்தது. அதில் வார்த்தை இல்லை. அழுகையா, கோபமா, சரணாகதியா என்று சொல்ல முடியாத குரல். அது ஓடிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து நண்பரின் அம்மா எட்டிப் பார்த்தார்.

"யாருடா அந்தப் பொண்ணு? இந்தப் போடு போடுது. பேரு என்ன?"

எந்தக் கம்பி எந்த நாட்டில் செய்தது, எந்தப் பெருக்கி எத்தனை வாட் என்று ஒரு மணி நேரம் வகுப்பெடுத்த நண்பர் இங்கே தடுமாறினார். "தெரியலம்மா, யாரோ பாடகி."

எழுத்தாளர்களும் செயல்பாட்டாளர்களும் படிக்கிற பத்திரிகையில் வசதி படைத்தவர்களின் வரவேற்பறைச் சமாச்சாரம் எதற்கு என்று கேட்கலாம். அம்மா கேட்ட கேள்விக்காகத்தான். ஒரு குரலுக்கு அறையில் எந்த இடம் தருவது என்பதில் இவ்வளவு உழைப்பும் பணமும் செலவாகிற இடத்தில், அந்தக் குரலுக்குக் கணக்கில் என்ன இடம் தரப்பட்டது என்பதை யாரும் கேட்பதில்லை. பிரதியைத் திறப்பதைப் பற்றியும் ஆசிரியனின் மரணத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிய நாமும் கேட்டதில்லை.

2

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் ஊரில் 'ரீமிக்ஸ்' என்றால் பழைய சினிமாப் பாட்டுக்குப் புது மேளம் போட்டு, இடையில் ஒருவர் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசுவது. இது அதுவல்ல. இங்கே புதிதாக ஒரு ஸ்வரம்கூட வாசிப்பதில்லை. அன்று பதிவான ஒலிநாடாவில் டிரம்ஸ் ஒரு தடத்தில், கிட்டார் ஒரு தடத்தில், குரல் ஒரு தடத்தில் என்று தனித்தனியாகக் கிடக்கின்றன. பிங்க் ஃப்ளாய்டின் இந்தத் தட்டு லண்டன் அபே ரோடு கூடத்தில் 16 தட நாடாவில் பதிவானது. அந்தத் தடங்களை எந்த அளவில், எந்தத் திசையில், எவ்வளவு எதிரொலியோடு சேர்ப்பது என்ற முடிவுதான் கலவை. 1973இல் இரண்டு திசைக்குச் சேர்த்தார்கள். 2003இல் ஐந்து திசைக்கு. 2023இல், ஐம்பதாம் ஆண்டையொட்டி, தலைக்கு மேலேயும் ஒலி வருகிற டால்பி அட்மாஸுக்கு. நாடாவில் உள்ள வாசிப்பு ஒன்றுதான், சேர்மானம்தான் வேறு வேறு.

தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இது மூலமும் உரையும் போலத்தான் தெரிகிறது. பல தட நாடா மூலம். ஒவ்வொரு கலவையும் ஓர் உரை. ஆனால் கடையில் கிடைத்தது எப்போதும் உரைதான். மூலத்தை யாரும் நம் கையில் தந்ததில்லை. நாம் உரையையே மூலம் என்று நம்பி, அதன்மேல் பக்தி வைத்து, வேறு உரை வந்தபோது 'ஐயோ, மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள்' என்று கூச்சல் போட்டோம். சரவுண்ட் கலவைகளைத் தீண்டத்தகாதவை போல ஒதுக்குகிற ராக் ரசிகர்களின் கூச்சல் இந்த வகைதான்.

அவர்கள் காக்க நினைக்கிற 'மூலம்' எவ்வளவு தற்செயலானது என்பதற்கு இரண்டு உதாரணம் போதும். பீட்டில்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்' (1967) தட்டுக்கு நால்வரும் உடனிருந்து நாள்கணக்கில் உழைத்துச் செய்தது மோனோ கலவை. உலகம் பின்னால் கேட்டு வளர்ந்த ஸ்டீரியோ கலவை சில நாட்களில், பெரும்பாலும் அவர்கள் இல்லாமலே முடிந்த காரியம். 2017இல் கைல்ஸ் மார்ட்டின் புதிதாகக் கலந்தபோது தன் தகப்பனார் ஜார்ஜ் மார்ட்டின் செய்த அந்த மோனோவைத்தான் வழிகாட்டியாக வைத்துக்கொண்டார். அடுத்தது பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' (1966). அதைப் படைத்த ப்ரையன் வில்சனுக்கு வலது காது ஏறக்குறையக் கேட்காமலே இருந்தது. அவர் கலந்தது மோனோவில்தான். ஸ்டீரியோ வடிவம் 1997இல் வந்தது, சரவுண்ட் 2003இல். ஒற்றைக் காதால் உலகத்தைக் கேட்ட ஒருவரின் படைப்பை ஐந்து திசையில் பரப்பினால் அது அவருடையதா? அவருடையது அல்ல என்றால், இரண்டு திசையில் பரப்பியது மட்டும் எப்படி அவருடையது ஆனது?

ஆக, தூய மூலம் என்று ஒன்று இல்லை. இதைச் சொல்ல இன்று பெரிய துணிச்சல் தேவையில்லை. உ.வே.சா. 1937இல் குறுந்தொகையைப் பதிப்பித்தபோதே தான் ஏற்காத பாடங்களையும் பிரதிபேதம் என்று அடியில் தந்துவிட்டார். வாசகர் பதிப்பாசிரியரோடு சண்டை போட முடிகிறது. கலவையாளர் ஏற்காத பாடம் நாடாவுக்குள்ளேயே கிடக்கிறது. நம்மால் சண்டை போட முடியாது. பாராட்டலாம், அல்லது திட்டலாம். இந்த வித்தியாசம் முக்கியம். திரும்ப வருகிறேன்.

3

சரவுண்ட் பிற்காலத்து வியாபாரிகள் பழைய இசைமேல் ஒட்டவைத்த ஜிகினா என்பதும் பாதி உண்மைதான். பிங்க் ஃப்ளாய்ட் 1967 மே 12ஆம் தேதி லண்டன் குவீன் எலிசபெத் அரங்கில் நடத்திய நிகழ்ச்சியில் அஸிமத் கோ-ஆர்டினேட்டர் என்ற கருவியைப் பயன்படுத்தியது. ஒரு பெட்டி, அதில் கையால் அசைக்கிற கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் ஒலி அரங்கின் மூலைகளில் வைத்த ஸ்பீக்கர்கள் வழியே சனங்களைச் சுற்றி ஓடும். நிகழ்ச்சி முடிந்ததும் அந்தப் பெட்டி திருடு போனது என்பது வேறு கதை.

'டார்க் சைட்' தட்டின் புகழ்பெற்ற கடிகாரங்கள்கூட அந்தப் பாட்டுக்காகப் பதிவானவை அல்ல. ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் ஒரு பழம்பொருள் கடிகாரக் கடைக்குப் போய், நான்கு திசை ஒலியைக் காட்டும் மாதிரிப் பதிவுக்காக ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்திருந்தவை. அதாவது அந்தக் கடிகாரங்கள் பிறந்ததே நான்கு திசைக்கு; இரண்டு திசைக்குள் அடைத்தது பிறகு நடந்தது. பார்சன்ஸ் அதே 1973இல் நான்கு திசைக் கலவையும் செய்தார். பிப்ரவரியில் லண்டன் கோளரங்கத்தில் பத்திரிகைக்காரர்களுக்குத் தட்டைப் போட்டுக் காட்டியபோது அந்தக் கலவை தயாராகவில்லை. சாதாரண ஸ்டீரியோவைப் போட்டார்கள். கோபத்தில் குழுவினர் வரவில்லை, ரிச்சர்ட் ரைட்டைத் தவிர. அதே வருடம் த ஹூ குழு நான்கு திசை ஒலியின் பெயரையே வைத்து 'குவாட்ரோஃபீனியா' என்று தட்டுப் போட்டு, கடைசியில் அதை ஸ்டீரியோவில் மட்டும் வெளியிட்டது. தொழில்நுட்பம் அவர்கள் கேட்ட அளவுக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதும் படிப்பினைதான். சிபிஎஸ் ஒரு முறை, சான்சுயி ஒரு முறை, ஜேவிசியும் ஆர்சிஏவும் சேர்ந்து ஒரு முறை. ஒருவர் தட்டு இன்னொருவர் கருவியில் ஒழுங்காக ஓடாது. சந்தையில் முதலாளிகள் போட்டி போட்டால் நுகர்வோருக்கு நல்லது என்று பாடம் எடுப்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்கலாம். எழுபதுகள் முடிவதற்குள் நான்கு திசை ஒலி செத்துவிட்டது.

பிறகு சூப்பர் ஆடியோ சிடி (1999), டிவிடி-ஆடியோ (2000) என்று திரும்பி வந்தது. இந்த முறையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு முறைகள். அதோடு ஒரு புதிய பயம்: சனங்கள் பிரதி எடுத்துவிடுவார்கள். அதனால் உயர்தர ஒலி எண்வடிவில் கருவியைவிட்டு வெளியே வர ஆரம்பத்தில் அனுமதியில்லை. ஆறு தனித்தனிக் கம்பிகள் வழியேதான் வரலாம். நண்பர் வீட்டில் பின்னிக் கிடந்த அந்த ஆறு கம்பிகளை ஒலியின் தேவை என்று நினைத்திருந்தேன். அவை பூட்டு.

4

இந்த இடத்தில் கோட்பாட்டாளர்கள் உற்சாகமாகிவிடுவார்கள். நானும் ஆனேன், மறைக்கப்போவதில்லை. சரவுண்ட் கலவை பிரதியைத் திறந்துவிடுகிறது, மையத்தைக் கலைக்கிறது, ஒற்றைக் குரலாக நம்மை வந்தடைந்ததைப் பல குரல்களாகப் பிரித்துக் காட்டுகிறது என்று நோட்டில் எழுதி வைத்தேன். பொய்யில்லை. ஸ்டீவன் வில்சன் 2009 முதல் கலந்து தந்த கிங் க்ரிம்ஸன் தட்டுகளையும், ஜெத்ரோ டல்லின் 'அக்வாலங்'கையும், யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்'ஜையும் கேட்டால், சேறு மாதிரி ஒட்டிக் கிடந்தவை விலகி நின்று ஒன்றுக்கொன்று பதில் சொல்வது கேட்கிறது. பின்பாட்டுப் பாடியவர் பின்னால் நிற்கவில்லை. என் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறார். வில்சன் முதலில் பழைய ஸ்டீரியோவை அப்படியே மறுபடி கட்டிப் பார்த்துவிட்டுத்தான் திசை பிரிக்கிறார். நல்ல உரையாசிரியரின் அடக்கம் அது.

ரோலான் பார்த்தின் 'ஆசிரியனின் மரணம்' முதன்முதலில் அச்சானது பிரெஞ்சில் அல்ல, அமெரிக்காவிலிருந்து வந்த 'ஆஸ்பென்' என்ற இதழில், 1967இல், ஆங்கிலத்தில். அந்த இதழ் புத்தகமாக வரவில்லை, ஒரு பெட்டியாக வந்தது. பெட்டிக்குள் கட்டுரைகளோடு இசைத்தட்டுகளும் இருந்தன. ஆசிரியன் செத்த செய்தி, போட்டுக் கேட்கிற தட்டுகளோடு ஒரே பெட்டியில்தான் உலகத்துக்கு வந்தது என்பது எனக்குப் பிடித்த தற்செயல். அதற்கு முந்திய வருடம் பியானோக் கலைஞர் க்ளென் கூல்ட் பதிவு ஒலியின் எதிர்காலம் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். கேட்பவர் இனி வெறுமனே வாங்கிக்கொள்பவராக இருக்கமாட்டார், தன் வீட்டில் உட்கார்ந்து தானே தொகுப்பார், திருத்துவார், படைப்பில் பங்கேற்பார் என்பது அவர் வாதம்.

சரி, நடந்ததா? சாக்பீஸ் குறிக்குள் போட்ட அந்த நாற்காலியை மறுபடி பாருங்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஐந்து ஸ்பீக்கர்களுக்கு வகுத்த அளவு இது: நேர் எதிரே ஒன்று, இரு பக்கமும் 30 பாகையில் ஒவ்வொன்று, பின்பக்கமாக 100 முதல் 120 பாகைக்குள் ஒவ்வொன்று, ஐந்தும் கேட்பவரிடமிருந்து ஒரே தூரம். கேட்பவர், ஒருமையில். வட்டத்துக்கு ஒரு மையம்தானே இருக்க முடியும். பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய அரண்மனை நாடக அரங்குகளில் ஆழம் காட்டி வரைந்த திரைகள் அரசன் இருக்கையிலிருந்து பார்த்தால்தான் பிசகில்லாமல் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குத் தூண் கொஞ்சம் சாயும். கடைசி வரிசைக்காரனுக்குக் கோபுரமே கோணல். சரவுண்ட் நமக்குத் தந்திருப்பது அந்த அரச இருக்கையை. குவீன் எலிசபெத் அரங்கில் அத்தனை பேரையும் சுற்றி ஓடிய ஒலி, வீட்டுக்கு வந்ததும் ஒருவரைச் சுற்றி மட்டும் ஓடுகிறது.

பிரதியில் கலைந்த மையம் கேட்பவர் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டது. அந்த அரசனுக்காவது அதிகாரம் உண்டா என்றால் அதுவும் இல்லை. அவன் ஒரு தடத்தையும் கூட்டக் குறைக்க முடியாது. பெண்குரலை மட்டும் தனியே கேட்க ஆசைப்பட்டால் முடியாது. தலையைக்கூட அதிகம் அசைக்கக் கூடாது. பெந்தாம் வரைந்த சிறையைப் பற்றி ஃபூக்கோ எழுதியதை நாமெல்லாம் மேற்கோள் காட்டியிருக்கிறோம். அதில் நடுவில் இருப்பவன் காவலன். இங்கே நடுவில் இருப்பவன் காவலனா கைதியா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. திறந்த பிரதி என்று நாம் கொண்டாடியதை இன்னொருவர் நமக்காகத் திறந்து, தன் விருப்பப்படி அடுக்கி, 'இதுதான் முடிவான வடிவம்' என்று எழுதி மறுபடி மூடித் தருகிறார். சில பெட்டிகளில் பழைய கலவையும் கூடவே வருகிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பார்சன்ஸின் 1973 நான்கு திசைக் கலவை 2011 பெட்டியில் அப்படித்தான் வந்தது. ஆனால் தடங்கள் வருவதில்லை.

5

இப்போது அம்மாவின் கேள்விக்கு வரலாம்.

அந்தப் பெண்ணின் பெயர் கிளேர் டோரி. 1973 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை. தட்டு வேலை முடியப் போகிற நேரம். ரைட்டின் பியானோ வாசிப்பு ஒன்று இருந்தது; அதன்மேல் என்ன வைப்பது என்று தெரியவில்லை. பார்சன்ஸ் இந்தப் பாடகியின் பெயரைச் சொன்னார். வயது 25. வந்தார். வார்த்தை கிடையாது, மெட்டு கிடையாது. தானே ஒரு வாத்தியம் என்று நினைத்துக்கொண்டு பாடினார். சில முறை பாடிப் பதிவு செய்துவிட்டுப் போனார். கூலி 30 பவுண்ட், அதுவும் ஞாயிற்றுக்கிழமை என்பதால் இரட்டிப்பாக. பாடியது தட்டில் சேர்ந்த விஷயம் அவருக்குத் தெரிந்ததே கடையில் தட்டைப் பார்த்தபோதுதான்.

தட்டின் உறையில் அவர் பெயர் இருந்தது, பாடியவர் என்று. இயற்றியவர் என்ற இடத்தில் ரைட் மட்டும். சட்டத்தின் கண்ணில் பியானோவின் சுருதியடுக்கு இயற்றுதல். அதன்மேல் ஒருவர் தொண்டையிலிருந்து அந்தக் கணத்தில் பிறந்த முழு மெட்டு, வேலை. வேலைக்குக் கூலி கொடுத்தாயிற்று, விஷயம் முடிந்தது. மேற்கத்திய மெய்யியல் குரலுக்கு முதலிடம் கொடுத்து எழுத்தைத் தாழ்த்தியது என்று தெரிதாவை ஒப்பிக்கிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கணக்குப் புத்தகம் என்று வந்தவுடன் அதே மேற்கு குரலைக் கூலியாக்கி, எழுதியவரைத்தான் உடைமையாளராக்குகிறது.

2004இல் டோரி பிங்க் ஃப்ளாய்ட் மீதும் இ.எம்.ஐ. மீதும் வழக்குப் போட்டார். தான் பாடியது வாசிப்பல்ல, இயற்றுதல் என்பது அவர் வாதம். 2005இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. தொகை வெளியிடப்படவில்லை. அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில் அந்தப் பாட்டை இயற்றியவர்கள் ரைட், டோரி என்று இரண்டு பெயர்கள்.

இந்த வருடங்களைச் சரவுண்ட் கலவைகளின் வருடங்களோடு வைத்துப் பாருங்கள். நண்பர் வீட்டில் ஓடிய 2003 தட்டில் டோரி பாடியவர் மட்டும். 2023 அட்மாஸ் பதிப்பில் அவர் இயற்றியவரும்கூட. குரல் அதே குரல். 1973இல் அந்த நாடாவில் விழுந்த அதே சில நிமிடங்கள். கத்ரி 2003இல் அந்தக் குரலுக்கு ஐந்து திசை கொடுத்தார். 2023இல் உயரமும் கொடுத்தார். இரண்டுக்கும் நடுவில் நடந்த உண்மையான மறுகலவை ஒன்று உண்டு. அதைச் செய்தது கலவையாளர் அல்ல. தன் பெயரை எங்கே வைப்பது என்று 31 வருடம் கழித்து வழக்குப் போட்ட அந்தப் பாடகி.

ஆசிரியனின் மரணத்தை நாம் மறு அச்சு செய்து, மொழிபெயர்த்து, கூட்டம் போட்டுப் பேசிய நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். செத்துப்போகிற அளவுக்கு ஆசிரியர்களாக இருந்தவர்களைப் பற்றித்தான் பேசினோம். ஆசிரியராகப் பிறக்கவே விடப்படாதவர்கள் அந்தப் பெட்டிக்குள் தட்டாக, தடமாக, பின்பாட்டாகக் கிடந்தார்கள். அவர்களிடம் போய் 'ஆசிரியன் என்பது ஒரு கட்டமைப்புத்தான், பெயரெல்லாம் எதுக்கு' என்று சொல்வது யாருக்குச் சாதகம் என்று நாம் கேட்டுக்கொள்ளவில்லை. ஆசிரியத்துவம் கட்டமைப்புத்தான். சம்பளமும் கட்டமைப்புத்தான், அதனால் ஒருவருக்குச் சம்பளம் தராமல் இருக்க முடியுமா?

அதே தட்டின் கடைசியில் இதயத்துடிப்பின்மேல் ஒரு ஆண்குரல் பேசி முடிக்கிறது. அது அபே ரோடு கூடத்தின் வாயிற்காவலர் ஜெரி ஒட்ரிஸ்கல். ரோஜர் வாட்டர்ஸ் சாவு, வன்முறை, பைத்தியம் பற்றிய கேள்விகளை அட்டைகளில் எழுதி வைத்து, கூடத்தில் அகப்பட்டவர்களிடமெல்லாம் பதில் வாங்கிப் பதிவு செய்தார். பக்கத்தில் வேலையாக இருந்த பால் மெக்கார்ட்னியும் பதில் சொன்னார். அவருடையதைத் தட்டில் சேர்க்கவில்லை. காவலர் சொன்னதைச் சேர்த்தார்கள். உலகப் புகழ்பெற்ற ஒரு தட்டின் கடைசிச் சொல் வாசலில் நின்றவருடையது. எழுபதுகளின் ராக் இசையில் இப்படிக் கதவு திறந்த தருணங்கள் உண்டு, அதனால்தான் இன்னும் அதைக் கேட்கிறேன். அந்தக் கதவு கூடத்துக்குள் வரைதான் திறந்தது, கணக்கறைக்குத் திறக்கவில்லை.

6

இப்போது இந்த மறுகலவைகள் ஏன் குவிகின்றன? காது தேர்ந்த ரசிகர்களின் தாகத்தால் மட்டுமல்ல. ஆப்பிள் 2021இல் தன் இசைச் சேவையில் அட்மாஸ் வடிவத்தைச் சேர்த்தது. 2024 ஜனவரியில், அட்மாஸில் கிடைக்கும் பாட்டுகளுக்குப் பங்குத்தொகை 10 சதவீதம் வரை கூடுதலாகத் தருவதாக அறிவித்தது. பழைய நாடாவைத் தூசி தட்டித் திசை பிரித்தால் அதே பாட்டு கூடுதலாகச் சம்பாதிக்கும். நாடாவில் தனித்தடம் இல்லையென்றாலும் கவலையில்லை. பீட்டில்ஸின் 'ரிவால்வர்' (1966) தட்டில் ஒரே தடத்தில் ஒட்டிப் பதிவான கருவிகளை, பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய கணினி முறையால் பிரித்தெடுத்து 2022இல் மறுபடி கலந்தார்கள். எந்தக் குரலையும் எந்தக் கூட்டத்திலிருந்தும் பிரித்தெடுக்கலாம் என்கிற இடத்துக்கு வந்துவிட்டோம். பிரித்தெடுத்த குரல் யாருடையது என்ற கேள்வி இனி டோரியோடு நிற்காது.

2024 அக்டோபரில் பிங்க் ஃப்ளாய்ட் தன் பதிவுகளின் உரிமையை சோனிக்கு விற்றது. ஏறக்குறைய 40 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. பாட்டை இயற்றிய உரிமை அந்த விற்பனையில் சேரவில்லை என்றும் எழுதின. டோரி போராடி வாங்கியது அந்த உரிமையில் ஒரு பங்கை. பெயர் எந்த இடத்தில் அச்சாகிறது என்பது வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஆகவே, சரவுண்ட் கலவைகளை எதிர்க்கிற மூலபக்தர்களோடு நான் இல்லை. அவை பழைய தட்டு பல கைகளின் வேலை என்பதைக் காதுக்கு நிரூபிக்கின்றன; அது நல்ல காரியம். அதையே ஜனநாயகம் என்று கொண்டாடுகிறவர்களோடும் நான் இல்லை. குரல்களை அறைக்குள் பரப்புவது ஜனநாயகம் ஆகாது. நாம் கேட்க வேண்டியவை இரண்டுதான். ஒவ்வொரு தடத்திலும் இருப்பவர் யார், அவருக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பது வெளியே வரவேண்டும். தடங்கள் பிரதிபேதம் போல கேட்பவர் கைக்கும் வரவேண்டும். அதற்குப் பிறகு நாற்காலியை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

அன்று என் முறை முடிந்ததும் சமையலறைக்குப் போய் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டேன். நண்பர் அந்தப் பாட்டை மூன்றாவது ஆளுக்காக மறுபடி போட்டிருந்தார். அங்கிருந்து கேட்டால் பின் ஸ்பீக்கர் இரண்டும் பெரிதாகவும் முன்னால் உள்ளவை சுவருக்கு அப்பாலும் கேட்டன. குக்கர் விசில் வேறு. நண்பர் கணக்குப்படி அது முழுக்கத் தப்பான இடம். குரல் மட்டும் தப்பாகவில்லை.

பெயரைச் சொன்னேன். 30 பவுண்ட் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்பதையும் சொன்னேன்.

"அப்புறமாவது குடுத்தாங்களா?" என்றார்.

"குடுத்தாங்கம்மா. 32 வருஷம் கழிச்சு, கோர்ட்டுக்குப் போன பிறகு. எவ்வளவுன்னு வெளிய சொல்லல."

"அதானே" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் குறைத்தார்.